சாவி யார் கையில்?



சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்காள், தம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் என்னிடம் படித்தவள்தான். டிப்ளோமா முடித்துப் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில், சாமான்கள் வாங்கும் பகுதியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, லயத்து வீடுகளுக்கெல்லாம் மிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தவர் அந்தத் தாய். அன்று அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது.

"சார், இதக் கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க. எம் பொண்ணு அடுத்தவங்க காசு ஒத்தச் சென்னுகூடத் தொட்டவ இல்லீங்க சார்" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

படித்தேன். விளக்கம் கேட்கும் கடிதம். மூன்று மாதங்களில் பதினொரு முறை சாமான்கள் கேட்கப்பட்டிருக்கின்றன, ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது, வந்து சேர்ந்ததாகவும் பதியப்பட்டிருக்கிறது. பணமும் போய்விட்டது. ஸ்டோரில் போய்ப் பார்த்தால் சாமான்கள் இல்லை. கேட்டது, ஒப்புதல் தந்தது, பெற்றுக்கொண்டது ஆகிய மூன்றும் இந்தப் பெண் உட்காரும் கணினியிலிருந்தே நடந்திருக்கின்றன. உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நிர்வாகம் கேட்டிருந்தது.

"என்னம்மா நடந்தது? மறைக்காமல் சொல்" என்றேன்.

சொன்னாள். அவளுடைய மேலதிகாரி பாதி நாள் வெளியூரில் இருப்பார். அவர் ஒப்புதல் தராமல் எதையும் வாங்க முடியாது. இயந்திரப் பகுதிக்காரர்கள் இவளை வந்து சத்தம் போடுவார்கள். ஒரு நாள் அவர் தம்முடைய பாஸ்வர்டை, அதாவது கணினிக்குள் நுழையும் மறைச்சொல்லை, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். "நான் இல்லாதப்ப நீயே என் பேர்ல உள்ள போயி ஒப்புதல் அமுக்கிடு" என்றார். பிறகு ஸ்டோர் கீப்பர் வேலையை விட்டுப் போனார். வேறு ஆள் போடவில்லை. "சாமான் வந்ததையும் நீயே பதிஞ்சிடு" என்று, கணினிப் பகுதியில் சொல்லி, அந்த வேலைக்கான அனுமதியையும் இவளுக்கே வாங்கிக் கொடுத்தார். அதன்பின் ஒரு புதிய கடைக்காரரைக் கொண்டுவந்தார். "சாமான் நேரா அடுத்த ஆலைக்குப் போயிருச்சு, வந்ததாப் போட்டுடு" என்று கைப்பேசியில் செய்தி அனுப்புவார். இவள் போட்டாள். பதினொரு முறை போட்டாள்.

"அவர் மேலதிகாரி சார். மாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது?"

இந்தக் கேள்விக்கு அன்றிரவு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஹோட்டல்களிலும் தோட்ட ஆபீஸ்களிலும் கணினிக்கு முன் உட்கார்ந்து சாமான் வாங்கும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த மாதம் அந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

என் தந்தையார் பால்மரம் சீவியவர். 1980களில் நான் சிறுவன். மரம் சீவும் கத்தி தேய்ந்துபோனால் அவர் நேரே ஸ்டோருக்குப் போய்ப் புதுக் கத்தி எடுத்துக்கொள்ள முடியாது. தேய்ந்த கத்தியை மண்டோரிடம் காட்ட வேண்டும். மண்டோர் சொன்னால் கிராணியார் சீட்டு எழுதுவார். துரை கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஸ்டோர் கீப்பர் கத்தியைக் கொடுப்பார். அப்பா புத்தகத்தில் கைநாட்டு வைப்பார். ஒரு கத்திக்கு இத்தனை பேரா என்று எனக்கு அப்போது சிரிப்பு வரும். இப்போது யோசித்தால் அதன் நியாயம் விளங்குகிறது. சீட்டு எழுதியவர் கையில் ஸ்டோர் சாவி கிடையாது. சாவி வைத்திருந்தவருக்குச் சீட்டு எழுதும் உரிமை கிடையாது. யாராவது ஒருவர் தப்புச் செய்ய நினைத்தால் இன்னொருவரையும் கூட்டுச் சேர்க்க வேண்டியிருந்தது.

இன்று அந்தச் சீட்டும் புத்தகமும் சாவியும் கணினிக்குள் போய்விட்டன. பெரிய நிறுவனங்கள் சாமான் வாங்குவதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருள்கள் அவற்றுள் பெயர் பெற்றவை. நம் அரசாங்கமும் சாமான்களும் சேவைகளும் வாங்க 'இபெரோலேஹான்' என்னும் மின்கொள்முதல் முறையை வைத்திருக்கிறது. எந்த மென்பொருளாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் சாமான் வேண்டுமென்று கேட்கிறார். ஒருவர் ஒப்புதல் தருகிறார். ஒருவர் கடைக்காரருக்குப் பி.ஓ. எனப்படும் வாங்கும் ஆணையை அனுப்புகிறார். சாமான் லாரியில் டி.ஓ.வுடன் வந்ததும் ஒருவர் எண்ணிப் பார்த்துப் பதிகிறார். கடைசியில் இன்வாய்ஸ் வருகிறது. கணக்குப் பகுதியில் ஒருவர் பி.ஓ.வையும், சாமான் வந்த பதிவையும், இன்வாய்ஸையும் அருகருகே வைத்து, மூன்றும் ஒத்துப்போனால் பணம் அனுப்புகிறார். நூறு ஜோடி கையுறைக்கு ஆணை போட்டு, எண்பது ஜோடி வந்து, நூறுக்குப் பில் வந்தால், அந்த மூன்றும் ஒத்துப்போகா. அங்கே பணம் நின்றுவிடும்.

சரி, யார் எதைச் செய்யலாம் என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் 'குழு' என்பது வருகிறது.

முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, இவர் இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது என்று தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் ஒரு மாதத்திலேயே குழப்பம் வந்துவிடும். ஆகவே முதலில் வேலையைப் பிரித்துக் குழுக்கள் வகுக்கிறார்கள். கேட்போர் குழு, ஒப்புதல் தருவோர் குழு, ஆணை அனுப்புவோர் குழு, சாமான் பெறுவோர் குழு, பணம் கொடுப்போர் குழு. அனுமதியைக் குழுவுக்குக் கொடுக்கிறார்கள். பிறகு ஆளை எடுத்துக் குழுவில் சேர்க்கிறார்கள். ஆள் மாறினால் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டால் போதும். அனுமதியைத் தொட வேண்டியதில்லை. நம் தோட்டத்தில் வெட்டுக்கு ஒரு கூட்டம், உரம் போட ஒரு கூட்டம், மருந்தடிக்க ஒரு கூட்டம் என்று வைத்திருக்கிறோமே, அதுபோலத்தான். ஆள் வருவார், போவார். வேலை அப்படியே இருக்கும்.

இந்த முறைக்குக் கணினி உலகில் ஒரு வரலாறும் உண்டு. ஒருவருக்கு அவர் வேலைக்கு எவ்வளவு அனுமதி வேண்டுமோ அவ்வளவு மட்டுமே தர வேண்டும் என்ற விதியை, ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் 1975-இல் தெளிவாக எழுதி வைத்தார்கள். அனுமதியை ஆளுக்குத் தராமல் பொறுப்புக்குத் தரும் முறையை, அமெரிக்க அரசின் தரநிர்ணய நிலையத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992-இல் ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். 2004-இல் அது அமெரிக்காவின் தேசியத் தரமாகவே ஆயிற்று. ஆள் பார்த்து வேலையை ஒப்படைப்பது எப்படி என்று வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வைத்திருப்பதால், இந்த அக்கறை நமக்கு ஒன்றும் புதிதல்ல.

குழுவோடு வேறு இரண்டு வேலிகளும் போடுவார்கள். ஒன்று, தொகை வேலி. உதாரணத்துக்கு, ஐந்நூறு வெள்ளி வரை பகுதித் தலைவர் ஒப்புதல் தரலாம், ஐயாயிரம் வரை மேலாளர், அதற்குமேல் இயக்குநர். இரண்டாவது, இட வேலி. ஒரு நிறுவனத்துக்குப் பத்துத் தோட்டங்கள் இருந்தால், ஒரு தோட்டத்துக் கிராணி தம் தோட்டத்துக்கு வேண்டியதை மட்டுமே கேட்கலாம். அடுத்த தோட்டத்துக் கணக்கில் கை வைக்க முடியாது.

வேலி போட்டால் தாண்டுகிறவனும் இருப்பான். நாலாயிரத்து எண்ணூறு வெள்ளிச் சாமானை நானூற்று எண்பது வெள்ளி வீதம் பத்துச் சீட்டாக உடைத்தால் மேலாளரிடம் போகாமலேயே வாங்கிவிடலாம் அல்லவா? அதனால் ஒரே கடைக்காரருக்கு ஒரே வாரத்தில் சின்னச் சின்ன ஆணைகள் வரிசையாகப் போனால் எடுத்துக்காட்டும் வசதியைப் பல மென்பொருள்களில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் அதனால் பயன்.

இப்போது நம் பெண்ணின் கதைக்கு வருவோம். அவள் கேட்போர் குழுவில் இருந்தாள். அது சரி. சாமான் பெறுவோர் குழுவிலும் அவளைச் சேர்த்தார்கள். அதுதான் முதல் தவறு. இரண்டு குழுவில் இருப்பவருக்குப் பெரும்பாலான மென்பொருள்களில் இரண்டு குழுவின் அனுமதியும் சேர்ந்தே கிடைக்கும். ஒவ்வொரு குழுவையும் தனியாகப் பார்த்தால் குற்றம் தெரியாது. சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும். மேலதிகாரியின் மறைச்சொல்லும் கைக்கு வந்ததால் ஒப்புதல் தருவோர் குழுவுக்குள்ளும் அவள் நுழைந்துவிட்டாள். அங்கே அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கேட்டவளும் ஒப்புதல் தந்தவளும் பெற்றுக்கொண்டவளும் ஒரே ஆள். அப்பா காலத்துக் கணக்கில் சொன்னால், கிராணியார், துரை, ஸ்டோர் கீப்பர் மூவரும் ஒரே நாற்காலியில்.

சேரவே கூடாத வேலைகள் என்று சில உண்டு. கேட்பவரே ஒப்புதல் தரக் கூடாது. புதுக் கடைக்காரரைப் பட்டியலில் சேர்ப்பவரே பணம் அனுப்பக் கூடாது. கடைக்காரரின் வங்கிக் கணக்கு எண்ணை ஒருவர் மாற்றினால் இன்னொருவர் அதைச் சரிபார்க்காமல் அந்த மாற்றம் நடைமுறைக்கு வரக் கூடாது. எண்ணை மாற்றி வேறொருவர் கணக்குக்குப் பணத்தைத் திருப்புவது உலகமெங்கும் நடக்கும் மோசடி. ஆட்களைக் குழுவில் சேர்க்கும் நிர்வாகிக்குச் சாமான் வாங்கும் அனுமதி இருக்கக் கூடாது. இருந்தால் அவர் தம்மையே எந்தக் குழுவிலும் சேர்த்துக்கொள்வார். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு அழியாமல் இருக்க வேண்டும்.

ஒரே ஆளிடம் இரண்டு சாவி இருந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் நடந்தது. அது சாமான் வாங்கும் வேலையில் நடந்ததல்ல. ஆனால் மூலக் காரணம் இதுவே. 1762-இல் லண்டனில் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் கவிழ்ந்தது. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவர் சந்தையில் வாணிபம் செய்தார். அந்த வாணிபத்தின் கணக்கை முடித்துச் சரிபார்க்கும் பகுதிக்கும் அவரே பொறுப்பாளர். வந்த நட்டத்தையெல்லாம் 88888 என்ற எண் கொண்ட கணக்கில் போட்டு மறைத்தார். வெளியே தெரிந்தபோது நட்டம் 827 மில்லியன் பவுன். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற வங்கி ஒரே ஒரு பவுனுக்கு விற்கப்பட்டது. லீசனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. செய்தவரே சரிபார்த்ததால் வந்த வினை அது.

"அப்படியானால் வேலியை இறுக்கிவிட்டால் போதுமே" என்று சிலர் நினைக்கலாம். அங்கேயும் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்தப் பெண்ணின் தொழிற்சாலையில் நடந்ததை நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன். மறைச்சொல் ஏன் துண்டுத் தாளில் கைமாறியது? ஒப்புதல் தரும் உரிமை ஒரே ஓர் ஆளிடம் இருந்தது. அவரோ ஊரில் இருப்பதில்லை. வேலை நிற்கிறது. வேலை நின்றால் எல்லாரும் குமாஸ்தாவைத்தான் திட்டுவார்கள். ஆகவே, மறைச்சொல் கைமாறும் இடத்தில் ஆளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நிற்கக் கூடாது. அங்கே குழுக்கள் சரியாக வகுக்கப்படவில்லை என்று நிர்வாகம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்ததைக் கேளுங்கள். வெட்டுக்காரர்களுக்குப் புது பூட்ஸ் வர வேண்டும். கேட்டாயிற்று, கணினியில் ஏறியாயிற்று. ஒப்புதல் தர வேண்டியவர் நீண்ட விடுமுறையில் போய்விட்டார். பதில் ஆள் இல்லை. பல வாரங்கள் தாமதம். அதுவரை கிழிந்த பூட்ஸோடு முள்ளில் நடந்தவர்கள் நம்முடைய ஆட்கள். கணினியில் யாருக்கு என்ன அனுமதி என்பது ஆபீஸ் சமாச்சாரம், நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனால் அது நம் காலில் வந்து குத்துகிறது.

இதற்கு மென்பொருளிலேயே நல்ல வழி இருக்கிறது. அதிகாரி விடுமுறைக்குப் போகும்போது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இன்னார் எனக்குப் பதிலாக ஒப்புதல் தருவார் என்று பதிந்துவிட்டுப் போகலாம். தேதி முடிந்ததும் அந்த அனுமதி தானாக நின்றுவிடும். பதில் ஆள் தம் சொந்தப் பெயரில் நுழைந்து, தம் சொந்தப் பெயரில் ஒப்புதல் தருவார். நாளைக்கு யார் செய்தது என்ற கேள்வி வந்தால் பதில் தெளிவாக இருக்கும். அப்படிப் போடும் பதில் ஆள் கேட்போர் குழுவில் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இன்னொன்று, வேலையை விட்டுப் போகிறவர். லயத்து வீட்டைக் காலி செய்யும்போது சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம். கணினியில் அவர் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆள் போன அன்றே அந்தப் பெயரை முடக்க வேண்டும். பகுதி மாறுகிறவர் விஷயம் இதைவிட மோசம். புதுக் குழுவில் சேர்ப்பார்கள். பழைய குழுவிலிருந்து எடுக்க மாட்டார்கள். பத்து ஆண்டில் நாலு பகுதி மாறியவரிடம் நாலு சாவியும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழுப் பட்டியலைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பகுதித் தலைவரும் பெயர் பெயராகப் பார்த்து, இவர் இருக்கலாம், இவரை எடுத்துவிடு என்று கையெழுத்திட வேண்டும். அரை மணி நேர வேலை.

இனி அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதில். மேலதிகாரி மறைச்சொல்லை நீட்டினால் எப்படி மறுப்பது?

மரியாதையாக மறுக்கலாம், மகளே. "சார், நான் உங்களுக்கு உதவியாகச் செய்யத் தயார். உங்களுக்குப் பதில் ஆளாக யாரையாவது தேதி போட்டுக் கணினிப் பகுதியில் பதியச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் நான் நுழைந்தால் நாளைக்கு உங்களுக்கும் தொல்லை, எனக்கும் தொல்லை" என்று சொல். வாயால் சொன்னதோடு விடாதே. அதையே இரண்டு வரியில் மின்னஞ்சலிலும் எழுதிவிடு. நல்ல அதிகாரியாக இருந்தால் உன்னை மெச்சுவார். உள்ளே வேறு எண்ணம் வைத்திருப்பவராக இருந்தால், எழுத்தில் வந்துவிட்டதே என்று பின்வாங்குவார். 1997-இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட கணினிக் குற்றச் சட்டம், உரிமையில்லாதவரிடம் மறைச்சொல்லைத் தெரிவிப்பதையே குற்றம் என்று வகுத்து, 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று சொல்லியது. கண்ணால் பார்க்காத சாமானை வந்ததாகப் பதியச் சொன்னால், "டி.ஓ.வைக் காட்டுங்கள் சார், அங்கே பெற்றுக்கொண்டவரே பதியட்டும்" என்று சொல்.

கடிதம் வந்துவிட்ட பிறகு என்ன செய்வது என்பதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பயந்துபோய் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, ஒழுங்குக் குற்றத்துக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. விசாரணைக்காகத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்து வைத்த மீதியையும் கொடுத்துவிட வேண்டும். நியாயமில்லாமல் நீக்கிவிட்டார்கள் என்று நினைத்தால், நீக்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அது. அறுபது நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை இரவு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பதில் எழுதினோம். "என்னைச் செய்யச் சொன்னார்கள், அதனால் செய்தேன்" என்று மட்டும் எழுத வேண்டாம் என்றேன். செய்ததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை வரிசையாக எழுது என்றேன். நல்ல வேளையாக அந்தக் கைப்பேசிச் செய்திகளை அவள் அழிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தேதியோடு அச்சிட்டுக் கடிதத்தோடு சேர்த்தாள். தாய் பக்கத்தில் உட்கார்ந்து, படிக்கத் தெரியாத அந்தத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டேயிருந்தார்.

விசாரணை முடிந்தது. மேலதிகாரி வேலையை விட்டுப் போனார். அவளை நீக்கவில்லை. ஆனால் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவள் கோப்பில் ஏறிவிட்டது. அந்த ஆண்டு போனஸும் இல்லை. வீட்டுக்குக் குளிர்ப்பெட்டி வாங்க வைத்திருந்த கணக்கு அது. தப்பித்துக்கொண்டாள் என்று சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. குற்றம் செய்யாத பிள்ளை, அடுத்தவர் சாவியை ஆறு மாதம் சுமந்த பாவத்துக்குக் கொடுத்த விலை அது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால் இன்று இரவு சாப்பாட்டின்போது சில கேள்விகள் கேளுங்கள். உன் மறைச்சொல் வேறு யாருக்காவது தெரியுமா? வேறு யாருடைய மறைச்சொல்லாவது உன்னிடம் இருக்கிறதா? நீ கேட்பதற்கு நீயே ஒப்புதல் தர முடிகிறதா? நீ பார்க்காத எதையாவது பார்த்ததாகப் பதிந்திருக்கிறாயா? பழைய பகுதியின் அனுமதி இன்னும் உன் பெயரில் இருக்கிறதா? எதற்காவது "ஆமாம்" என்று பதில் வந்தால், திங்கட்கிழமை காலையிலேயே எழுத்து மூலம் அதைச் சரிசெய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கணினி இல்லாத இடத்துக்கும் இதே கணக்குத்தான். தோட்டத்துக் கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுக் கடை எல்லாவற்றிலும் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகவே. "தலைவர் நல்லவர், செயலாளர் நம்ம ஆளு" என்று சொல்லிக்கொண்டு, வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். நல்லவர்மேல் பழி விழாமல் இருக்கவும் அந்த இரண்டாவது கையெழுத்து வேண்டும்.

போன வாரம் அந்தப் பெண்ணைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தொழிற்சாலையில் குழுக்களைப் புதிதாகப் பிரித்துவிட்டார்களாம். ஒப்புதல் தர இரண்டு பேர். சாமான் பெற ஸ்டோரில் தனி ஆள். அவளால் இப்போது கேட்க மட்டுமே முடியும்.

"எப்படி இருக்கும்மா வேலை?" என்றேன்.

"கையக் கட்டிப் போட்ட மாதிரித்தான் இருக்கு சார். ஆனா ராத்திரியில தூக்கம் வருது" என்றாள்.